இரண்டு கண், ஒரே பார்வை: குழந்தைகளின் கண் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

குழந்தைகளின் கண்ணைப் பரிசோதிப்பது என் அன்றாட வேலை. பரிசோதனையைவிட, அது முடிந்தபின் கதவருகே நின்றுகொண்டு பெற்றோர் கேட்கும் "இன்னும் ஒரே ஒரு சந்தேகம்" தான் அதிக நேரம் எடுக்கும். அப்படித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே எழுதிவைக்கிறேன். இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இது.

கண் இரண்டு இருக்கிறது, காட்சி மட்டும் எப்படி ஒன்றாகத் தெரிகிறது?

ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். விரலைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பாருங்கள். விரல் இரண்டாகத் தெரியும். இப்போது விரலையே பாருங்கள். விரல் ஒன்றாகிவிடும், சுவரில் மாட்டிய கடிகாரம் இரண்டாகும். பயப்பட வேண்டாம், இது நோய் இல்லை. நாம் நேராகப் பார்க்கும் பொருளுக்கு ரொம்ப முன்னாலோ பின்னாலோ இருப்பதெல்லாம் எந்நேரமும் இரண்டிரண்டாகத்தான் கண்ணில் விழுகிறது. மூளை அதைச் சட்டை செய்வதில்லை, அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு ஒரு கண்ணின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்குச் சுமார் 6 செ.மீ. தூரம். அதனால் இரண்டு கண்ணுக்கும் ஒரே படம் கிடைப்பதில்லை. கொஞ்சம் கோணம் மாறிய இரண்டு படங்கள் கிடைக்கின்றன. மூளை அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்தே எது கிட்டே, எது தள்ளி என்று கணக்குப் போடுகிறது. 1838இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதை எளிமையாகக் காட்டினார். ஒரே பொருளைக் கொஞ்சம் கோணம் மாற்றி வரைந்த இரண்டு கோட்டுப் படங்கள், இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிகள். ஒரு படம் வலது கண்ணுக்கு மட்டும், இன்னொன்று இடது கண்ணுக்கு மட்டும் தெரியும்படி வைத்தார். காகிதத்தில் தட்டையாகக் கிடந்த கோடுகள் கனமுள்ள பொருளாக எழுந்து நின்றன. இன்றைய 3டி படங்கள் வரைக்கும் எல்லாம் அதே தந்திரம்தான்.

ஒரு கண்ணை மூடினாலும் எனக்குத் தூரம் தெரிகிறதே?

தெரியும். தூரத்தை அறிய மூளைக்கு வேறு வழிகளும் உண்டு. பெரியதாகத் தெரிவது கிட்டே, சின்னதாகத் தெரிவது எட்டே. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். நிழல் விழும் திசை, நாம் நகரும்போது அருகில் இருப்பவை வேகமாக நகர்வது என்று பல குறிப்புகள் ஒற்றைக் கண்ணுக்கே போதும்.

ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வேலை செய்துபாருங்கள். ஒரு கையில் பேனா, மறுகையில் அதன் மூடி. கைகளை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து ஒரே முயற்சியில் மூடியை மாட்டுங்கள். பலருக்கு மூடி பேனாவுக்கு ஓரிரு செ.மீ. முன்னாலோ பின்னாலோ காற்றைக் குத்தும். இரண்டு கண்ணையும் திறந்தால் யோசிக்காமலே மாட்டுவீர்கள். அந்த ஓரிரு செ.மீ. தான் இரண்டு கண் சேர்ந்து தரும் கூடுதல் வரவு. ஊசியில் நூல் கோப்பது, பந்து பிடிப்பது, தம்ளரில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அதை நம்பித்தான் நடக்கின்றன.

இரண்டு கண்ணும் ஒரே இடத்துக்குத் திரும்பும்படி பார்த்துக்கொள்வது எது?

ஒரு கண்ணுக்கு 6 தசைகள், ஆக மொத்தம் 12. அவற்றை மூளையிலிருந்து வரும் மூன்று ஜோடி நரம்புகள் ஆட்டுவிக்கின்றன. வலப்பக்கம் பார்க்க வலது கண்ணின் வெளித்தசையும் இடது கண்ணின் உள்தசையும் ஒரே கணத்தில், ஒரே அளவில் இழுபட வேண்டும். புத்தகத்தைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் மூக்கை நோக்கிக் கொஞ்சம் உள்ளே திரும்ப வேண்டும். கூடவே உள்ளிருக்கும் லென்ஸும் கிட்டத்துக்கு ஏற்றபடி குவிய வேண்டும். இந்த இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை போல. ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டால் மாறுகண் எப்படி நேராகிறது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

பிறந்த குழந்தைக்கு என்னதான் தெரியும்?

மங்கலாக, ஆனால் தெரியும். பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாக 17 மி.மீ. அளவு, பெரியவர்களுக்கு 24 மி.மீ. கண் வளர வேண்டியிருக்கிறது என்பதைவிட, விழித்திரையின் நடுப்பகுதியும் மூளையின் பார்வைப் பகுதியும் இன்னும் பக்குவப்படவில்லை என்பதே முக்கியம். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம், அதாவது 20 முதல் 30 செ.மீ., அவ்வளவுதான் முதல் வாரங்களில் அதன் உலகம். கறுப்பு வெள்ளைபோல் பளிச்சென்று வேறுபடும் ஓரங்களை, முக்கியமாக முகத்தில் முடியும் நெற்றியும் சேரும் இடத்தை, உற்றுப் பார்க்கும்.

6 முதல் 8 வாரத்தில் கண்ணோடு கண் பார்த்துச் சிரிக்கும். 3 மாதத்துக்குள் நகரும் பொம்மையைக் கண்ணால் தொடரும். 3 முதல் 5 மாதத்துக்குள் இரண்டு கண் சேர்ந்து ஆழம் உணரும் திறமை வேகமாக முளைக்கிறது. பொருளை எட்டிப் பிடிக்க ஆரம்பிப்பதும் அந்தச் சமயத்தில்தான். அதற்குப் பிறகு பார்வை கூர்மையாகிக்கொண்டே போய், பள்ளிக்கூடம் போகும் வயதில் பெரியவர்களின் அளவை நெருங்குகிறது.

நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வது: பேச்சைப் போலத்தான் பார்வையும். காது இருந்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது. கேட்டுக் கேட்டுத்தான் வரும். கண் இருந்தால் மட்டும் பார்வை வந்துவிடாது. பார்த்துப் பார்த்துத்தான் மூளை பார்க்கக் கற்கிறது. அதுவும் இரண்டு கண்ணிலிருந்தும் தெளிவான படம் வந்தால்தான் இரண்டையும் சேர்க்கக் கற்கும்.

என் இரண்டு மாதக் குழந்தையின் கண் அவ்வப்போது ஒரு பக்கம் போய்விட்டு வருகிறது. மாறுகண்ணா?

முதல் இரண்டு மூன்று மாதங்களில் அவ்வப்போது விலகுவது சகஜம். இரண்டு கண்ணையும் ஒன்றாக ஓட்டிப் பழகும் காலம் அது. 4 மாதத்துக்குப் பிறகும் விலகினால் காட்டுங்கள். எந்த வயதிலும், ஒரு கண் எப்போதுமே விலகியபடி நின்றுவிட்டால், மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே காட்டுங்கள்.

போட்டோவில் மாறுகண் போலத் தெரிகிறது, டாக்டர் இல்லை என்கிறார். யாரை நம்புவது?

டாக்டரைத்தான். சின்னக் குழந்தைகளுக்கு மூக்குத்தண்டு அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். கண்ணின் உள்மூலையில் தோல்மடிப்பு வெள்ளை விழியைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டிருக்கும். மூக்குப் பக்கம் வெள்ளை குறைவாகத் தெரிவதால் கண் உள்ளே போனதுபோல் ஒரு தோற்றம். பக்கவாட்டில் பார்க்கும்போது இன்னும் அதிகமாகத் தோன்றும். மூக்கு எழும்ப எழும்ப அது மறைந்துவிடும்.

நீங்களே ஒன்று பார்க்கலாம். நேராகப் பார்க்கும்போது எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி, இரண்டு கருவிழியிலும் விழுந்திருக்கும் வெளிச்சப் புள்ளியைக் கவனியுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஒன்றில் நடுவிலும் இன்னொன்றில் ஓரத்திலும் இருந்தால் காட்ட வேண்டும். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இந்தப் பொய்த்தோற்றத்துக்கு மட்டும்தான் பொருந்தும். உண்மையான மாறுகண் தானாகச் சரியாகும் என்று காத்திருந்து வருடத்தைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சோம்பேறிக் கண் என்கிறார்களே, அது என்ன?

பெயரே தப்பு. அந்தக் கண் சோம்பேறி இல்லை. பெரும்பாலும் கண்ணில் எந்த நோயும் இருக்காது. அதன் செய்தியை வாங்கிக்கொள்ளாமல் இருப்பது மூளை. நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது.

மூன்று வழிகளில் வரும். ஒன்று, மாறுகண். இரண்டு கண்ணும் வெவ்வேறு இடத்தைப் பார்த்தால் எல்லாம் இரண்டாகத் தெரிய வேண்டும். பெரியவர்களுக்குத் திடீரென்று மாறுகண் வந்தால் அப்படித்தான் தெரியும். குழந்தையின் மூளை அந்தக் குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ளாது. ஒரு கண்ணின் படத்தை அணைத்துவிடும். இரண்டாவது, பவர் வித்தியாசம். ஒரு கண் தெளிவு, மறுகண் மங்கல். மூளை தெளிவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும். மூன்றாவது, மறைப்பு. பிறவிக் கண்புரையோ, கண்ணையே மூடும் அளவுக்குத் தொங்கும் இமையோ வெளிச்சத்தை உள்ளே விடாது. மூன்றில் இது குறைவாக வருவது, ஆனால் கடுமையானது. ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த பிறவிக் கண்புரை இருந்தால், பிறந்த ஆறு வாரத்தை ஒட்டி அறுவை சிகிச்சை செய்துவிடப் பார்ப்பார்கள். அந்த அளவுக்கு அவசரம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்பதை 1960களில் டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளை வைத்துக் கண்டறிந்தார்கள். குட்டியின் ஒரு கண் இமையைச் சில வாரங்கள் தைத்து மூடிவைத்தார்கள். பிறகு திறந்தால் கண் நன்றாகவே இருந்தது, ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்ல ஏறக்குறைய ஒரு செல்லும் இல்லை. இடத்தையெல்லாம் திறந்திருந்த கண் பிடித்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அதே காரியத்தைச் செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. படிக்க மனசு கஷ்டப்படும் சோதனைதான். ஆனால் குழந்தைக்குப் பேட்ச் (ஒரு கண்ணை மறைக்கும் ஒட்டு) போடச் சொல்வதற்கும் கண்புரையை உடனே எடுக்கச் சொல்வதற்கும் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

என் பெண் டிவி, புத்தகம் எல்லாம் நன்றாகத்தான் பார்க்கிறாள். பரிசோதனை அவசியமா?

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். அண்ணனுக்குத் தலைவலி என்று கூட்டிவந்திருந்தார்கள். ஐந்தரை வயதுத் தங்கை சும்மா கூட வந்தவள். அண்ணனுக்கு ஒன்றுமில்லை. "எனக்கும் எனக்கும்" என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கண்ணாலும் சார்ட்டின் கடைசி வரி வரை கடகடவென்று சொன்னாள். இடது கண்ணை மூடினேன், அதே வேகம். வலது கண்ணை மூடியதும் பேச்சு நின்றது. தலையைத் திருப்பி, மூடியின் ஓரத்து இடுக்கு வழியே பார்க்கப் பார்த்தாள். இடுக்கையும் அடைத்தேன். "ஆன்ட்டி, லைட்டை ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்றாள்.

சார்ட்டின் உச்சியில் இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும்தான் அந்தக் கண்ணுக்குத் தெரிந்தது. வலது கண்ணில் பவர் இல்லாத மாதிரிதான். இடது கண்ணில் பிளஸ் 5, அதாவது நிறையத் தூரப்பார்வை. கண் பார்க்க நேராக, அழகாக இருக்கும். ஓடுவாள், படம் வரைவாள். யாருக்கும் சந்தேகம் வர வழியே இல்லை. அவளுக்கும் குறை தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்றால், எல்லாருக்கும் அப்படித்தான் என்றுதானே எந்தக் குழந்தையும் நினைக்கும்?

மாறுகண்ணை ஊரே பார்த்துச் சொல்லிவிடும். பவர் வித்தியாசத்தை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால்தான் தெரியும். குழந்தை "தெரியலை" என்று சொல்லும் வரை காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை.

எந்த வயதில் பரிசோதிக்க வேண்டும்? எழுத்தே தெரியாத குழந்தையை எப்படிச் சோதிப்பீர்கள்?

பிறந்தவுடன் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து உள்ளிருந்து சிவப்பு ஒளி திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். முதல் வருடத்துக்குள் ஒரு தடவை, 3 வயதிலிருந்து 5 வயதுக்குள் ஒவ்வொரு கண்ணாக ஒரு தடவை, அதோடு பள்ளியில் சேர்த்தபின் அவ்வப்போது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ மாறுகண், சோம்பேறிக் கண், சின்ன வயதிலேயே அதிகப் பவர் இருந்தவர்களுக்கும் கணக்கு வேறு. டாக்டர் சொன்னபடி இன்னும் சீக்கிரம்.

எழுத்து தேவையே இல்லை. வீடு, ஆப்பிள் போன்ற உருவங்களைக் காட்டி, கையில் இருக்கும் அட்டையில் அதே உருவத்தைத் தொடச் சொல்வோம். கைக்குழந்தைக்குப் பாதி வெறுமையும் பாதி கோடுகளும் உள்ள அட்டை. கோடு தெரிந்தால் கண் தானாக அந்தப் பக்கம் போகும். ஒவ்வொரு கண்ணாக மறைத்தும் பார்ப்போம். ஒரு கண்ணை மறைக்கும்போது பேசாமல் இருந்த குழந்தை, மறுகண்ணை மறைத்ததும் அழுது கையைத் தட்டிவிட்டால், எந்தக் கண்ணை நம்பி அது வாழ்கிறது என்று புரிந்துவிடும்.

சொட்டு மருந்து விட்டபிறகுதான் பவர் பார்க்க வேண்டுமா? ஒரே அழுகை.

ஆமாம், தவிர்க்க முடியாது. குழந்தையின் லென்ஸ் அவ்வளவு துடியாகக் குவியும். பிளஸ் பவரை அதுவே ஈடுகட்டி ஒளித்துவிடும். அந்தக் குவிப்பைத் தற்காலிகமாக நிறுத்தத்தான் மருந்து. ஒரு நாள் கிட்டத்தில் மங்கலாக இருக்கும், வெயில் கூசும். அட்ரோபின் என்ற வலுவான சொட்டு மருந்து என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். மருந்து விடாமல் கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்துக் குழந்தைக்கு முதல் கண்ணாடி எழுதிக்கொடுத்தால், இன்னொருவரிடமும் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

கண்ணாடி போட்டால் மாறுகண் நேராகுமா? கழற்றினால் முன்பைவிட அதிகமாக உள்ளே போகிறதே?

2 முதல் 4 வயதில் வரும் உள்மாறுகண்ணில் ஒரு பெரிய பங்கு தூரப்பார்வையால் வருவது. பிளஸ் பவர் உள்ள குழந்தை தெளிவாகப் பார்க்க லென்ஸை எந்நேரமும் குவித்துக்கொண்டே இருக்க வேண்டும். லென்ஸும் கண் திரும்புவதும் ஒரே கயிறு என்று மேலே சொன்னேன் அல்லவா? குவிக்கக் குவிக்கக் கண் மூக்குப் பக்கம் இழுபடும். கண்ணாடி அந்தக் குவிக்கும் வேலையைத் தான் எடுத்துக்கொள்கிறது, கயிறு தளர்கிறது, கண் நேராகிறது. பாதி நேராகி மீதி நிற்கும் குழந்தைகளும் உண்டு.

கழற்றினால் பழைய உழைப்பு திரும்பும், கண்ணும் உள்ளே போகும். இத்தனை நாள் நேராகப் பார்த்துப் பழகிய உங்கள் கண்ணுக்கு அது முன்பைவிட மோசமாகப் படும். கண்ணாடி கண்ணைக் கெடுக்கவில்லை. இதைப் பார்த்துப் பயந்து, கண்ணாடியை அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து வந்தவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும், படிக்கும்போது மட்டும் இல்லை.

வெயிலில் போனால் பையன் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறான். கூச்சம்தானே?

அவ்வப்போது கண் வெளியே ஓடும் மாறுகண்ணின் அடையாளமாக இருக்கலாம். களைப்பாக இருக்கும்போது, காய்ச்சலில், பகல் கனவில் கண் விலகுகிறதா என்று கவனித்து, முடிந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் பெரும்பாலும் நேராக வைத்துக்கொள்வான், போட்டோ உதவும்.

எப்போதும் தலையைச் சாய்த்தே பார்க்கிறாள். கழுத்துக்குக் காட்டவா?

கண்ணுக்கும் காட்டுங்கள். ஒரு தசை பலவீனமாக இருந்தால், தலையைச் சாய்த்து இரண்டு படத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. கழுத்தில் எந்தத் தப்பும் இருக்காது.

பேட்ச் எந்தக் கண்ணுக்கு? எத்தனை மணி நேரம்?

நல்ல கண்ணுக்கு. இதை எழுதியே கொடுத்தாலும் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். நல்ல கண்ணை மறைத்தால்தான் கைவிடப்பட்ட கண்ணை மூளை மறுபடி கேட்கத் தொடங்கும்.

முதலில் பேட்ச் இல்லை, கண்ணாடி. பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பேறிக் கண்ணில் நான்கில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குக் கண்ணாடி மட்டுமே சரியாக்கிவிடுகிறது. சில மாதம் பார்த்துவிட்டு, முன்னேற்றம் நின்ற இடத்தில் பேட்ச் தொடங்குவார்கள். முன்பெல்லாம் நாள் முழுக்க ஒட்டச் சொல்வது வழக்கம். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வுகளுக்குப் பிறகு அது மாறியது. நடுத்தரக் குறைவுக்குத் தினம் 2 மணி நேரம் ஒட்டியவர்களும் 6 மணி நேரம் ஒட்டியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். கடுமையான குறைவுக்கு 6 மணி நேரமே நாள் முழுக்க ஒட்டுவதற்குச் சமமாக இருந்தது. எத்தனை மணி நேரம் என்பது டாக்டர் முடிவு; சொன்னதைவிட அதிகமாக ஒட்டினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்காதீர்கள். அளவு மீறினால் நல்ல கண்ணின் பார்வை இறங்கலாம். அதைக் கண்காணிக்கத்தான் குறித்த தேதியில் வரச் சொல்வது.

கண்ணாடி போடும் குழந்தைக்குப் பேட்சைத் தோலில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி. கண்ணாடி மேலேயே துணியைக் கட்டினால் மேலிருந்தும் மூக்கோரத்திலிருந்தும் எட்டிப் பார்த்துவிடுவார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். முதல் சில நாள் தடுமாறும், எரிச்சல்படும். அந்த நேரத்தில் மாடிப்படி, சைக்கிள் வேண்டாம். வண்ணம் தீட்டுவது, மணி கோப்பது, புள்ளி சேர்ப்பது என்று ஏதாவது கொடுங்கள். சில வீடுகளில் அப்பாவும் ஒன்று ஒட்டிக்கொண்டு உட்காருகிறார். பத்து நிமிடத்தில் அவருக்கு மகனின் கஷ்டம் புரிந்துவிடும்.

பேட்ச் ஒட்டவே விடாத பிள்ளைகளுக்கு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதைக் கிட்டத்தில் மங்கலாக்குவது மாற்று வழி. நடுத்தரக் குறைவில் பேட்சுக்குக் கிட்டத்தட்ட ஈடாகவே வேலை செய்கிறது. வாரக் கடைசி இரண்டு நாள் விட்டாலே போதும் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. அந்த மருந்தைக் குழந்தை குடித்துவிட்டால் ஆபத்து. எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

என் மகனுக்கு 10 வயது. ஏழு தாண்டினால் பயனில்லை என்கிறார்கள்.

7 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம், வேகம். அதற்காக 7 வயதில் கதவைப் பூட்டிவிடுவதில்லை. 7 முதல் 12 வயதில் கண்ணாடி, பேட்ச், சொட்டு மருந்து சேர்த்துக் கொடுத்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் சார்ட்டில் இரண்டு வரியாவது கூடுதலாகப் படித்தார்கள். அதுவரை சிகிச்சையே பெறாதவர்களாக இருந்தால் 13க்கு மேலும் ஓரளவு தேறுகிறது. முயன்று பாருங்கள், சின்ன வயதில் கிடைக்கும் அளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மாறுகண்ணுக்கு ஆபரேஷன் செய்துவிட்டால் எல்லாம் சரிதானே? கண்ணை வெளியே எடுத்து வைப்பார்களாமே?

எடுப்பதில்லை. யார் கிளப்பிவிட்ட கதையோ, இன்னும் ஓயவில்லை. கண் தன் இடத்திலேயே இருக்கும். மேலே உள்ள மெல்லிய சவ்வைக் கீறி, தசையைக் கண்ணிலிருந்து பிரித்து, கொஞ்சம் பின்னால் தள்ளித் தைப்பார்கள், அல்லது சிறிது வெட்டிக் குறுக்குவார்கள். மி.மீ. கணக்கு வேலை. குழந்தைகளுக்கு முழு மயக்கத்தில் செய்வது.

ஆபரேஷன் கண்ணை நேராக்கும், பார்வையைக் கூட்டாது. சோம்பேறிக் கண் இருந்தால் அதற்குப் பேட்ச் தனி, கண்ணாடி தனி. ஒரு தடவையில் சரியாகாமல் இரண்டாவது தேவைப்படுவதும் அபூர்வம் இல்லை. பிறந்த ஆறு மாதத்துக்குள் வரும் பெரிய உள்மாறுகண்ணைச் சீக்கிரம், இரண்டு வயதுக்குள், நேராக்கினால் இரண்டு கண்ணும் ஓரளவாவது சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு கூடும். "பெரியவளானதும் கல்யாணத்துக்கு முன் செய்துகொள்ளலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். அழகு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்; அந்த வாய்ப்பு கிடைக்காது.

கண் பயிற்சி பலன் தருமா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. படிக்கும்போது இரண்டு கண்ணும் போதிய அளவு உள்ளே திரும்பாத ஒரு குறை இருக்கிறது. கொஞ்ச நேரம் படித்தால் எழுத்து ஓடும், இரட்டிக்கும், தலை வலிக்கும், வரி தவறும். 2008இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், 12 வாரம் மருத்துவமனையில் நேரடியாகப் பயிற்சி பெற்ற பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தேறினார்கள். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவந்து பழகியவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை.

எழுத்தைக் கூட்டிப் படிக்கவே தடுமாறும் கற்றல் குறைபாடு வேறு. அது கண்ணில் இல்லை, மொழியைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. கண் பயிற்சியால் தீராது. மாதக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு அப்படி வாக்குக் கொடுக்கும் இடங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

செல்போன் பார்த்தால் மாறுகண் வருமா?

சின்ன வயது மாறுகண்ணுக்கும் சோம்பேறிக் கண்ணுக்கும் செல்போன் காரணம் இல்லை. முகத்தோடு ஒட்டி மணிக்கணக்கில் பார்த்த வளரிளம் பிள்ளைகளுக்குத் திடீர் உள்மாறுகண் வந்ததாக மருத்துவ இதழ்களில் தகவல்கள் உண்டு. அதைவிடப் பரவலான விளைவு கிட்டப்பார்வை. தினம் இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு அது தள்ளிப்போகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

எதற்குக் காத்திருக்கவே கூடாது?

பிளாஷ் போட்டோவில் ஒரு கண்ணின் நடு வட்டம் சிவப்பாகவும் மறுகண்ணில் வெள்ளையாகவும் தெரிந்தால் அந்த வாரத்துக்குள், முடிந்தால் மறுநாளே காட்டுங்கள். பல சமயம் போட்டோ கோணத்தால் வருவதாக இருக்கும். ஆனால் கண்புரையும், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயும் முதன்முதலில் இப்படித்தான் வீட்டாரின் கண்ணில் படுகின்றன. சீக்கிரம் கண்டால் அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது.

இதுவரை நேராக இருந்த கண் திடீரென்று திரும்பி, கூடவே தலைவலி, வாந்தி, நடை தடுமாற்றம், இரட்டைப் பார்வை இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. கண் ஓயாமல் துடித்து ஆடுவதையும், இமை கருவிழியை மறைப்பதையும், 3 மாதம் ஆகியும் முகம் பார்க்காததையும் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கே ஒரு கண் இப்படித்தான், வயது 35. ஏதாவது செய்ய முடியுமா?

மாறுகண்ணை நேராக்கலாம், வயது தடையில்லை. பார்வை கூடுவது கடினம். சூசன் பாரி என்ற அமெரிக்க நரம்பியல் பேராசிரியர், கைக்குழந்தையாக இருந்தபோதே மாறுகண் வந்தவர், 48 வயதில் பயிற்சி எடுத்தபின் முதன்முறையாக ஆழம் தெரிந்து வியந்தார். எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியது நல்ல கண்ணைக் காப்பது. பவர் இல்லாவிட்டாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள், முக்கியமாக விளையாட்டிலும் பட்டறை வேலையிலும்.

எப்போது பேட்சை நிறுத்தலாம்?

பார்வை கூடுவது நின்று, அடுத்தடுத்த வருகைகளில் அப்படியே நிலைத்தபின், டாக்டர் சொன்னால். சட்டென்று விடாமல் நேரத்தைக் குறைத்துக் குறைத்து விடுவது நல்லது. நிறுத்தியபின் ஒரு வருடத்துக்குள் நான்கில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது. பெரும்பாலும் திரும்ப ஒட்டினால் மீட்டுவிடலாம், கண்டுபிடித்தால். அதனால் பேட்ச் நின்றாலும் வருகை நிற்கக் கூடாது.

அண்ணனோடு வந்த அந்தப் பெண்ணுக்குக் கண்ணாடியும், தினம் 6 மணி நேரப் பேட்சும், பிறகு 2 மணி நேரமுமாக ஒன்றரை வருடம் ஆயிற்று. இப்போது இடது கண்ணால் கடைசிக்கு மேல் வரி வரை படிக்கிறாள். ஆழம் பார்க்கும் சோதனையில் பெரிய ஈயின் படம் ஒன்று உண்டு. 3டி கண்ணாடி போட்டுப் பார்த்தால் இறக்கை மேலே தூக்கி நிற்கும். முதல் நாள் அவள் விரல் நேராகப் போய்ப் படம் இருந்த தாளைத் தொட்டது. போன தடவை தாளுக்கு மேலே, காற்றில் இறக்கையைக் கிள்ளப் பார்த்துவிட்டு, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். நான்கு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.